மந்திரத்துக்குக் கூலி

எடைக்கற்களையும் தராசுகளையும் சோதித்து முத்திரை குத்துவது அவளுடைய உத்தியோகம். இருபத்தெட்டு வருஷமாக அதே வேலை. கடைத்தெருவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. முத்திரையம்மா என்றால்தான் தெரியும். அவள் தெருமுனையில் திரும்பும்போதே நாலாவது கடைக்காரருக்கு மூக்கில் வியர்த்துவிடும். தட்டின் அடியில் ஒட்டிய காந்தம், கல்லின் குழியில் ஈயத்துக்குப் பதிலாக அடைத்த மெழுகு, பேச்சுவாக்கில் தட்டின் ஓரத்தில் போய் இளைப்பாறும் கட்டைவிரல் என்று மனிதனுடைய கை எத்தனை வழியில் குறைத்துக் கொடுக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். சிரித்து வரவேற்கிற கடைக்காரரிடம்தான் அவள் அதிக நேரம் நிற்பாள்.

உத்தியோகத்தை ஆபீசிலேயே விட்டுவிட்டு வரத் தெரிந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். முத்திரையம்மா அதைக் கைப்பையில் போட்டு வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவாள். அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், வாய் அதிகம் இல்லாத மனுஷர். ஏழு மணிக்கு வரவேண்டியவர் ஏழேகாலுக்கு வந்தால், அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே பதிலை எடுத்து நீட்டிவிடுவார். சைக்கிள் பஞ்சர், ஒட்டுகிறவர் வெளியே போயிருந்தார், வேண்டுமானால் பக்கத்துக் கடைத் தையல்காரரைக் கேட்டுப் பார். அவள் கேட்கமாட்டாள். ஆனால் அந்தப் பதிலை ஒரு நொடி கண்ணாலேயே நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவாள். அவர்மேல் அவளுக்குத் தனியாக ஒரு சந்தேகமும் கிடையாது. எல்லார்மேலும் இருந்தது, அதில் அவருக்கும் ஒரு பங்கு.

இப்படிப்பட்டவள் கற்பனை விளையாட்டில் போய் விழுந்தது அவளுடைய கொழுந்தனால். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன், நாற்பது வயசாகியும் கல்யாணம் ஆகாதவன், எதை எடுத்தாலும் இரண்டு மாசம் அதே பித்தாகத் திரிகிறவன். ஒருநாள் செங்கல் கனத்துக்கு ஒரு விதிப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற ஆட்டம். ஆளுக்கு ஒரு வீரனாகவோ திருடனாகவோ தங்களை நினைத்துக்கொண்டு, நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்று சொல்லவேண்டும். ஒருவர் மட்டும் ஆடாமல், எதிரே என்ன இருக்கிறது, என்ன நடக்கிறது என்று கதை சொல்லி ஆட்டத்தை நடத்தவேண்டும். செய்தது பலித்ததா இல்லையா என்ற இடத்தில் பகடை பதில் சொல்லும். நடத்துகிறவர் கறாரானவராக இருக்கவேண்டும் என்பதால் கொழுந்தன் நேராக அவளிடம் வந்து நின்றான். உங்களை விட்டால் ஆள் இல்லை அண்ணி என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் கண்ணாடிக் கடைக்கு விடுமுறை. பின்னால் கண் பரிசோதிக்கிற அறை ஒன்று உண்டு. சுவரில் மேலிருந்து கீழாகச் சிறுத்துக்கொண்டே போகும் எழுத்துப் பலகை, அதற்கு எதிரே ஆள் உயரக் கண்ணாடி, ஒரு முக்காலி, லென்ஸ் பெட்டிகள் அடுக்கிய மேஜை. பெட்டிகளை நகர்த்திவிட்டு நாலு பேர் உட்கார்ந்தார்கள். கணவர், கப்பலை விட்டு ஓடிவந்த ஒரு வாள்வீரன். கொழுந்தன் மந்திரவாதி. மூன்றாவது ஆள் பல்லுக்காரர். அவள் வகுப்புத் தோழர், பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கிறவர். அவர் சுவர் ஏறுகிற திருடனாக வந்தார். நடத்துகிறவள் முத்திரையம்மா.

பல்லுக்காரரைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். பத்து வருஷத்துக்கு முன்னால் அவள்மேல் யாரோ பொய்ப் புகார் எழுதிப்போட்டு, நாலு மாசம் வேலைநீக்கத்தில் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். அப்போது ஒருநாள் விடாமல் வேலை முடிந்து வந்து, அரைமணி நேரம் எதையாவது பேசிவிட்டுப் போனவர் அவர். புகாரில் உண்மை இருக்கிறதா என்று ஒரே ஒரு தடவைகூட அவர் கேட்கவில்லை. அவர் இடத்தில் இருந்திருந்தால் தான் கேட்டிருப்போம் என்பது அவளுக்கு அப்போதே தெரியும்.

கொழுந்தனின் புத்தகத்தில் இருந்த உலகம் ரொம்ப நல்ல உலகம். வெட்டுப்பட்டு விழுந்தால் ஒரு பூசாரி வந்து தொடுவார், காயம் மூடிக்கொள்ளும். செத்தால்கூடப் பெரிய பூசாரியிடம் தூக்கிக்கொண்டு போகலாம், எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்பான். மந்திரவாதி காலையில் எழுந்து படித்தால் ஒரு நாளைக்கு இத்தனை மந்திரம் என்று அளவாகக் கிடைக்கும். மூன்று வாரம் பொறுத்துப் பார்த்த முத்திரையம்மா நாலாவது வாரம் புத்தகத்தை மூடினாள். இப்படி எவனுக்குமே எடை குறையாமல் கொடுக்கிற உலகத்தை என்னால் நம்ப முடியவில்லை என்றாள். ஆடுகிறவர்களுக்கும் அலுத்துத்தான் போயிருந்தது. அவர்களுக்கு வேண்டியது வேறு உலகம்: உப்புக்காற்றில் அரித்துப்போன ஒரு நகரம், அதில் திருடர்கள், வாடகை வாள்கள், யாருமே வீட்டுக்குள் சேர்க்காத மந்திரவாதிகள். உலகத்தைக் காப்பாற்ற அங்கே எவனும் கிளம்பமாட்டான். அவனவன் தன் தோலைக் காப்பாற்றிக்கொண்டால் போதும்.

அந்த உலகத்துக்கு அந்த விதிகள் ஒத்துவராது. சட்டையைப் பிரித்துத் தைக்கிறமாதிரி ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தாள். பூசாரியை எடுத்தாள். செத்தவன் எழுகிற பக்கத்தின்மேல் பெருக்கல் குறி போட்டாள். போனது போனதுதான், எந்தக் காரணம்கொண்டும் திரும்பாது என்று பக்கத்தின் ஓரத்தில் எழுதிக் கீழே கோடும் இழுத்தாள். நல்லவன் கெட்டவன் என்று புத்தகம் பிரித்துவைத்திருந்த பட்டியல் போயிற்று. பூதங்களைக் கூட்டம் கூட்டமாக அனுப்புவதை நிறுத்தி, ஒன்றே ஒன்று, அதுவும் யாரும் முழுசாகப் பார்க்காததாக வைத்தாள். பொக்கிஷம் கிடைத்தால் அடுத்த ஞாயிறு ஆரம்பிக்கும்போது அது தீர்ந்துபோயிருக்கவேண்டும், எப்படித் தொலைத்தேன் என்று அவனவன் சொல்லவேண்டும் என்று ஒரு விதி. இதற்குக் கொழுந்தன் சொல்லுகிற கதைகளில் அண்ணி முன்னால் சொல்லக்கூடாதவையும் வந்துவிடும். பல்லுக்காரர் இருமி அடக்குவார். ஒவ்வொரு விதியையும் ஆபீஸ் மேஜையில் சாப்பாட்டு நேரத்தில் பகடை உருட்டிச் சோதித்துப் பார்த்த பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைக்குக் கொண்டுவருவாள்.

மந்திரம்தான் அவளைப் படுத்தி எடுத்துவிட்டது. இந்த மாதிரி உலகத்தில் மந்திரம் இலவசமாக இருக்கக்கூடாது, ஏதாவது ஒன்றைப் பறிக்கவேண்டும். முதலில், போடுகிறவனே கூலி கொடுக்கவேண்டும் என்று எழுதினாள். நாலு வாரம் கொழுந்தன் ஒரு மந்திரம்கூடப் போடவில்லை. சம்பளத்தோடு விடுமுறையில் இருக்கிற மந்திரவாதியாக மூலையில் உட்கார்ந்து தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். அப்புறம்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. கூலி மந்திரவாதியின் தலையில்தான் விழவேண்டும் என்று என்ன இருக்கிறது? கூட இருக்கிற யார் தலையிலும் விழலாம். அப்போதுதானே மந்திரவாதியைக் கண்டால் மற்றவர்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

விதி இப்படி அமைந்தது. மந்திரம் போட்டவுடன் மூன்று பேரும் இருபது முகப் பகடையை ஆளுக்கு ஒரு டம்ளரில் போட்டுக் குலுக்கிக் கவிழ்க்கவேண்டும். தான் மட்டும் எட்டிப் பார்த்துக்கொண்டு எண்ணை வாயால் சொல்லவேண்டும். எவன் சொன்ன எண் சிறியதோ அவனிடமிருந்து கூலி பறிக்கப்படும். பொய்யும் சொல்லலாம். ஆனால் மேஜையில் இருக்கிற யாரும், காட்டு என்று டம்ளரைத் தூக்கச் சொல்லலாம். பொய் அகப்பட்டால் பொய் சொன்னவனுக்கு இரண்டு கூலி. உண்மையாக இருந்தால் சந்தேகப்பட்டவருக்கு இரண்டு கூலி. இதை எழுதி முடித்த அன்று அவள் சந்தோஷத்தில் ஆபீசிலிருந்து நடந்தே வீட்டுக்கு வந்தாள். மனிதர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தான் அறிந்ததை எல்லாம் ஒரே விதியில் போட்டு அடைத்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது.

விதி பிரமாதமாக வேலை செய்தது. மந்திரம் என்று கொழுந்தன் வாயெடுத்தாலே மேஜை அமைதியாகிவிடும். கூலி யாருக்கு என்று தெரிந்ததும் முத்திரையம்மா நோட்டை மூடிவைத்துவிட்டு, அந்த ஆள் பக்கம் திரும்பி, தணிந்த குரலில் சொல்லுவாள். அப்போது மட்டும் அவள் குரலில் ஆபீஸ் இருக்காது. கணவரின் வாள்வீரன் இடது கையில் இரண்டு விரல்களை இப்படித்தான் இழந்தான். பிறகு ஒரு காது. பிறகு நாக்கில் ருசி. பிறகு தூக்கம். ஒரு ஞாயிறு, அம்மாவின் பெயரை இழந்தான். அதை அவள் சொல்லி முடித்தபோது கொழுந்தன் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தான்.

பதினோராவது தடவை கூலி வாங்கிய பிறகு, அவள் பழக்கதோஷத்தில் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு எண்ணிப் பார்த்தாள். கணவர் ஒன்பது. கொழுந்தன் இரண்டு. பல்லுக்காரர் பூஜ்யம்.

பூஜ்யத்தின்மேல் பேனா நின்றது. மூன்று பேரில் ஒருவர் பதினோரு தடவையும் தப்பிக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போட்டாள். எண்பத்தாறில் ஒன்று. கடைத்தெருவில் இதைவிடச் சின்ன சந்தேகத்துக்கெல்லாம் அவள் தராசைப் பிரித்துப் போட்டிருக்கிறாள்.

அடுத்த நொடி வேறொன்று ஞாபகம் வந்து அவளைத் தூக்கிவாரிப் போட்டது. பகடைகளைச் செய்து கொடுத்ததே பல்லுக்காரர்தான். பொய்ப்பல்லுக்கு ஈறு செய்கிற அதே ரோஸ் நிறப் பிசின், அதே அச்சு வார்க்கிற கை. ஆளுக்கு ஒரு நிறக்கோடு போட்டு, துணிப்பையில் வைத்து, எல்லாருக்கும் அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார். ஈறு நிறத்தில் பகடையா என்று அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்து அவளுக்கே கோபமாக வந்தது. வார்க்கும்போது உள்ளே ஒரு பக்கம் ஒரு குண்டூசித் தலை அளவு ஈயத்தை வைத்தால் வெளியே யாருக்குத் தெரியும்?

அந்த வாரம் முழுக்க அவளுக்கு வேறு நினைப்பு இல்லை. பல்லுக்காரர் இப்படிச் செய்யமாட்டார் என்று ஒரு மனசு சொல்லும். எல்லாரும் முதலில் அப்படித்தான் இருப்பார்கள் என்று இன்னொரு மனசு சொல்லும். அவளுக்கு இருக்கிற ஒரே சிநேகிதர் அவர். சந்தேகம் சரியென்றாலும் அவரை இழப்பாள், தப்பென்றாலும் இழப்பாள். பேசாமல் இருந்துவிட்டால் ஒன்றும் ஆகாது. இது அவளுக்கு நன்றாகவே புரிந்தது. ஆனால் தெரியாமல் இருப்பதை அவளால் தாங்க முடியாது. அதற்கென்றே பிறந்தவளை என்ன செய்வது?

ஞாயிறு ஆட்டம் முடிந்ததும், எல்லாம் அழுக்காக இருக்கிறது, கழுவிக் கொண்டுவருகிறேன் என்று பகடைகளை வாரிப் பையில் போட்டுக்கொண்டாள். பல்லுக்காரர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். சரி என்றார்.

ஆபீசில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் நுண் தராசில் முதலில் எடை பார்த்தாள். மூன்றும் ஏறக்குறைய ஒரே எடை. அதனால் என்ன, ஒரு பக்கம் கூட்டி மறுபக்கம் குறைத்திருக்கலாம். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து, இனி கரையாது என்கிறவரை உப்பைக் கரைத்தாள். அந்தத் தண்ணீரில் பகடை மிதக்கும். உள்ளே கனம் ஒரு பக்கமாக இருந்தால், எத்தனை தடவை புரட்டிவிட்டாலும் அதே முகம்தான் மேலே வந்து நிற்கும். பல்லுக்காரரின் பகடையை நாற்பது தடவை புரட்டிவிட்டாள். நாற்பது தடவையும் அது தன் இஷ்டத்துக்கு நின்றது. திருப்தி இல்லை. பத்து நாள் சாப்பாட்டு நேரத்தில் ஆயிரம் தடவை உருட்டிக் கோடு போட்டாள். ஒவ்வொரு முகமும் ஐம்பது தடவை சுமாருக்கு வந்திருந்தது. பக்கத்து மேஜை குமாஸ்தா, பதவி உயர்வுக்குப் பரீட்சையா மேடம் என்று கேட்டான். ஆமாம் என்றாள்.

பகடை சுத்தம். அப்படியானால் வாய்தான் பொய். குலுக்கிக் கவிழ்த்துவிட்டு, உள்ளே மூன்று இருக்க, கூசாமல் பதினைந்து என்று சொல்லுகிறார். இரண்டு கூலிக்குப் பயந்து யாரும் தூக்கச் சொல்வதில்லை. அவருடைய முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. நாள் முழுக்க இளிக்கிற பல்வரிசைகளை எதிரே வைத்துக்கொண்டு அசையாமல் பழகிய முகம் அது. முத்திரையம்மா தன் விதிகளை எடுத்துப் படித்தாள். மேஜையில் இருக்கிற யாரும் என்றுதான் எழுதியிருந்தாள். நடத்துகிறவளும் மேஜையில்தானே இருக்கிறாள்.

பகடைகளைத் திருப்பிக் கொடுத்த ஞாயிறு யாரும் மந்திரம் போடவேண்டி வரவில்லை. அடுத்த ஞாயிறு வாள்வீரனும் திருடனும் மந்திரவாதியும் ஒரு கல்லறை மண்டபத்துக்குள் மாட்டிக்கொண்டிருந்தார்கள். கதவு தானாக மூடிக்கொள்ள, வேறு வழியில்லாமல் கொழுந்தன் ஒரு மந்திரம் போட்டான். கதவு திறந்தது. மூன்று டம்ளர்கள் குலுங்கிக் கவிழ்ந்தன. ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள்.

ஒன்பது என்றான் கொழுந்தன். பதினாலு என்றார் பல்லுக்காரர். கணவர் பெருமூச்சு விட்டு, இரண்டு என்றார்.

முத்திரையம்மா நோட்டை மூடவில்லை. பல்லுக்காரரைப் பார்த்து, “காட்டு” என்றாள்.

அந்த ஆட்டத்தில் அதுவரை யாரும் சொல்லாத வார்த்தை. பல்லுக்காரர் அவளையே பார்த்தபடி டம்ளரைத் தூக்கினார். பதினாலு.

பல்லுக்காரர் பகடையை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, எண்களின் பள்ளத்தை நகத்தால் சுரண்டினார். நகத்தில் வெள்ளையாக ஏதோ வந்தது. அதை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார்.

“உப்பு,” என்றார். “போன வாரமே பார்த்தேன். கழுவினா உப்பு எப்படி வரும்னு யோசிச்சேன். அப்புறம் புரிஞ்சுது.”

அவள் திறந்திருந்த நோட்டைப் பார்த்தாள்.

“உன்மேல புகார் வந்தப்போ நான் உன்னைத் தண்ணியில போட்டுப் பாக்கல,” என்றார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். “கிளம்பறதுக்கு முன்னாடி ஒண்ணு செய். மத்த ரெண்டு டம்ளரையும் தூக்கிடு. என்னை மட்டும் திருடனாக்கிட்டுப் போகாதே.”

நியாயம்தான். அவள் கொழுந்தனின் டம்ளரைத் தூக்கினாள். ஒன்பது. கணவரின் டம்ளருக்குக் கையை நீட்டினாள். அவர் அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

“வேணாம்,” என்றார். “தோத்தவனோடதை எதுக்குப் பாக்கறே?”

கொழுந்தனும் அதையேதான் சொன்னான். தோற்றவன் பொய் சொல்லி என்ன லாபம் அண்ணி, விடுங்கள் என்றான். ஆனால் தட்டின்மேல் கை வைக்கிறவனைக் கண்டால் முத்திரையம்மாவின் விரல்கள் சும்மா இருக்காது. அவர் கையை விலக்கி டம்ளரைத் தூக்கினாள்.

பதினேழு.

கொழுந்தன்தான் முதலில் சிரித்தான். ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிடுகிறவர் தனக்கு ஒன்று போட்டுக்கொள்ளக் கூடாதா என்றான். யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். பல்லுக்காரர் தோளிலிருந்து பையை இறக்கவில்லை, ஆனால் கதவுப் பக்கமும் போகவில்லை.

முத்திரையம்மாவுக்கு முதலில் வந்தது கோபம். பிறகு பயம். இவ்வளவு நாள் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கிற தன்னையே ஒரு மனுஷர் ஏமாற்றியிருக்கிறார். வேறு எதிலெல்லாம் ஏமாற்றினார்? அவள் புத்தி அந்த ஒரு நொடியில் எங்கெங்கோ ஓடி, பஞ்சரான சைக்கிளையெல்லாம் நிறுத்தி விசாரித்துவிட்டு வந்தது.

எத்தனை தடவை என்று கேட்டாள்.

“ஒன்பதுல ரெண்டு நிஜம். மீதி ஏழு பொய்.”

ஏன் என்றாள். அவர் எழுத்துப் பலகையில் ஆகக் கீழே இருக்கும் பொடி எழுத்துகளைப் படிக்கிறவர்போல அங்கேயே பார்த்துக்கொண்டு பேசினார்.

“நீ என்னைத் திட்டினதில்ல. குறை வச்சதும் இல்ல. ஆனா நான் எதைச் சொன்னாலும் உன் கண்ணு ஒரு தடவை அதை நிறுத்துப் பாக்கும். இருபத்தாறு வருஷமா பாக்குது. கூலி என் தலையில விழறப்போ மட்டும் அது நடக்கல. நோட்டை மூடிட்டு என் பக்கம் திரும்பி, இவனுக்கு இனிமே அம்மா பேரு ஞாபகம் வராதுன்னு சொன்னே பாரு. அந்தக் குரலை நான் வீட்டுல கேட்டதே இல்ல. அதுக்காகத்தான் திரும்பத் திரும்பச் சின்ன எண்ணாச் சொன்னேன்.”

அவருக்கு இவ்வளவு பேச வரும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. தம்பிக்குக்கூடத் தெரியாது. அவன் டம்ளரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தான்.

முத்திரையம்மா நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். ஒன்பது, இரண்டு, பூஜ்யம். பூஜ்யத்துக்கு மட்டும் கணக்குப் போட்டிருந்தாள். ஒன்பதுக்குப் போடவே இல்லை. பென்சிலை எடுத்து இப்போது போட்டாள். பதினோரு தடவையில் ஒன்பதோ அதற்கு மேலோ ஒருவர் தலையிலேயே விழ, எழுநூற்று இருபத்தொன்பதில் ஒன்று. பல்லுக்காரரின் அதிர்ஷ்டத்தைப்போல எட்டு மடங்கு அரிதானது அவள் கண்ணுக்கு எதிரிலேயே ஒவ்வொரு ஞாயிறும் உட்கார்ந்து பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அவள் ஆபீஸ் படிவத்திலும் குறைவு என்று ஒரே கட்டம்தான் உண்டு. கூட்டிக் கொடுக்கிற கடைக்காரர்மேல் வழக்கு கிடையாது. தராசைச் சரிபண்ணிக்கொள் என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவாள். அவன் ஏன் கூட்டிக் கொடுக்கிறான் என்று இருபத்தெட்டு வருஷத்தில் ஒருவரையும் கேட்டதில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. உடம்பெல்லாம் சுடுகிறமாதிரி அப்படி ஒரு வெட்கம்.

அவள் வாள்வீரன் இழந்ததையெல்லாம் எழுதிவைத்திருந்த தாளை இழுத்து வைத்து ரப்பரை எடுத்தாள். பொய்யால் போனது கணக்கில் சேராது, ஏழையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றாள். விரல், காது, ருசி, தூக்கம் எல்லாம். அம்மாவின் பெயரை அழிக்க ரப்பரை வைத்தபோது கணவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

“அழிக்காதே. போனது போனதுதான். நீ எழுதினது.”

அதை அவர் ஆட்டத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரிந்தது. அவள் ரப்பரைக் கீழே வைத்தாள். கண்ணில் நீர் முட்டியது; அதை யாருக்கும் மறைக்கவும் முயற்சி செய்யவில்லை.

பல்லுக்காரர் பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தார். உட்கார்ந்தார். மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. அவருக்கு இன்னும் கோபம் இருந்தது. ஆனால் எழுந்து போனால் இந்த மேஜை இன்றோடு சரி, அதற்குப் பிறகு இவள் யாரையும் நம்பி ஒரு முக்காலியில் உட்காரப்போவதில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

“விதிப்படி நீ ரெண்டு கூலி குடுக்கணும்,” என்றார். “உண்மை சொன்னவனைச் சந்தேகப்பட்டிருக்கே.”

எனக்கு இந்த ஆட்டத்தில் ஆளே இல்லையே, எதைக் கொடுப்பேன் என்றாள். இருக்கிறதைக் கொடு என்றார் அவர். முதல் கூலியை அவரே கேட்டார். இனி தன்மேல் சந்தேகம் வந்தால் தன் முகத்தைப் பார்த்துக் கேட்கவேண்டும், உப்புத்தண்ணீரைக் கேட்கக்கூடாது. அவள் தலையாட்டினாள். தலையாட்டினால் போதாது, வாயால் சொல் என்றார். கேட்கிறேன் என்று சொன்னாள். அவள் இதை எத்தனை நாள் காப்பாற்றுவாள் என்று பல்லுக்காரருக்கே சந்தேகம்தான்.

இரண்டாவது கூலியைப் பல்லுக்காரர் அவள் கணவர் பக்கம் தள்ளிவிட்டார்.

கணவர் யோசித்தார். கேட்டால் கிடைக்கும் என்ற பழக்கம் இல்லாதவர் யோசிக்கிறமாதிரி மெதுவாக யோசித்தார். கடைசியில் வாள்வீரனின் தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

“இவன்கிட்ட என்ன போச்சுன்னு எல்லாம் அழகாச் சொன்னே. என்ன மிச்சம் இருக்குன்னு சொல்லு. அதே குரல்ல.”

அவள் தாளைப் பார்த்தாள். போனவை எல்லாம் தேதியோடு வரிசையாக இருந்தன. மிச்சம் என்று ஒரு வரிகூட இல்லை. அதற்கு அவள் இடமே விடவில்லை. முன்பின் புரட்டினாள். நோட்டிலும் இல்லை. வேறு வழியில்லாமல் நிமிர்ந்து, எதிரே உட்கார்ந்திருந்த மனுஷரைப் பார்த்தாள். நெற்றியில் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தார். காதோரம் நரைத்திருந்தது. எப்போது இவ்வளவு நரைத்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதைக்கூட இப்போதுதான் பார்க்கிறாள். நோட்டை மூடினாள்.

“வலது கை முழுசா இருக்கு,” என்று தணிந்த குரலில் ஆரம்பித்தாள். “ஒரு காது இருக்கு, யாராவது மெதுவா கூப்பிட்டாலும் அதுக்குக் கேக்கும். தலை நரைச்சிருக்கு.” கொஞ்சம் நிறுத்தினாள். “கண்ணு ரெண்டும் இருக்கு. அந்தக் கண்ணால எதிர்ல இருக்கறவளை இத்தனை வருஷமா பாத்துக்கிட்டே இருந்திருக்கான். அவதான் பாக்கல.”

கல்லறை மண்டபத்தின் கதவு இன்னும் திறந்துதான் கிடந்தது. வெளியே போகலாமா என்று அன்று யாரும் கேட்கவில்லை.